நீயா, நீங்களா? – லண்டனில் நடந்த ஒரு சண்டை

"வெள்ளைக்காரனுக்கு மரியாதைன்னா என்னன்னே தெரியாதுப்பா. பெத்த அப்பனும் யூதான், வீட்டு நாயும் யூதான்." நம்மூரில் இந்த வசனத்தைக் கேட்காம யாரும் வளர்ந்திருக்க முடியாது. எங்க தெருவில் இதைச் சொல்லிட்டு, 'தமிழ்ல பாரு, நீ, நீர், நீங்கள், தாங்கள்னு எத்தனை!' என்று மீசையைத் தடவிக்கொள்ளும் பெரியவர் ஒருத்தர் இருந்தார். இங்கே வந்து வரலாறு எம்.ஏ. படிக்க ஆரம்பிச்ச பிறகுதான் தெரிஞ்சது, அந்த வசனம் அப்படியே தலைகீழ் என்று. 'யூ' என்பது 'நீ' இல்லைங்க. அது 'நீங்கள்'. வெள்ளைக்காரன் அப்பாவை மட்டுமில்லை, நாயையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கான். அவன் தொலைத்தது மரியாதையை இல்லை, 'நீ'யை.

அந்த 'நீ' எப்படித் தொலைந்தது, அதுக்காக இதே லண்டனில் எத்தனை பேர் அடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டு வெச்சுக்கிட்டு படிங்க.

பழைய கணக்கு

பழைய ஆங்கிலத்தில் கணக்கு ரொம்ப சுலபம். எதிரே ஒரு ஆள் நின்றால் 'தௌ'. அதையே 'உன்னை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'தீ'. பல பேர் நின்றால் 'யீ', 'உங்களை' என்றால் 'யூ'. மரியாதைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. ராஜாவாக இருந்தாலும் ஒரு ஆள்தானே, அதனால் 'தௌ'.

1066-ல் நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரண்மனையும் கோர்ட்டும் பிரெஞ்சு பேச ஆரம்பித்தன. பிரெஞ்சில் பெரிய மனுஷனைப் பன்மையில் விளிக்கும் பழக்கம் இருந்தது. அதுக்கும் முன்னாடி லத்தீனில் ரோமச் சக்கரவர்த்திகளுக்குக் கொடுத்த மரியாதை அது. 13-ம் நூற்றாண்டிலிருந்து இந்த வழக்கம் ஆங்கிலத்துக்குள் மெல்ல இறங்கியது. மேலே இருப்பவனுக்கு 'யூ', கீழே இருப்பவனுக்கு 'தௌ'. அதாவது நம்ம நீங்கள் – நீ மாதிரியே.

ஷேக்ஸ்பியர் காலத்தில் இது உச்சத்தில் இருந்தது. 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் சர் டோபி தன் நண்பனுக்கு ஒரு யோசனை சொல்வார்: எதிராளிக்குச் சண்டைக் கடிதம் எழுதும்போது அவனை ஒரு மூணு தடவை 'தௌ' போட்டு எழுது, தப்பில்லை என்று. இந்த நாடகம் 1602 பிப்ரவரியில் மிடில் டெம்பிள் மண்டபத்தில் வக்கீல்கள் முன்னாடி நடந்தது. மண்டபம் இன்னும் இருக்கு. அந்த வக்கீல்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பார்கள் என்று தாராளமாக நம்பலாம். ஏன்னா அடுத்த வருஷமே அது நிஜக் கோர்ட்டில் நடந்தது. 1603-ல் சர் வால்டர் ராலே மேல் ராஜத்துரோக வழக்கு. லண்டனில் பிளேக் என்பதால் விசாரணையை வின்செஸ்டரில் வைத்தார்கள். அரசு வக்கீல் எட்வர்ட் கோக் கோபத்தில் ராலேயைப் பார்த்து 'தௌ' போட்டதோடு நிற்கவில்லை, 'உன்னை நான் தௌ போட்டுத்தான் பேசுவேன்' என்கிற மாதிரி அதையே ஒரு வினைச்சொல்லாக்கித் திட்டினார்.

நம்ம பேப்பர்களில் 'அதிகாரியை ஒருமையில் திட்டிய எம்.எல்.ஏ.' என்று தலைப்பு வருமே, அதை இன்றைய ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பாருங்க. முடியாது. 'சிங்குலர் நம்பரில் திட்டினார்' என்றால் இங்கே என் வகுப்பில் இருப்பவர்கள் முழிப்பார்கள். ஆனால் 1603-ல் இருந்த லண்டன்காரனுக்கு ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

தொப்பியும் 'தௌ'வும்

1650-களில் ஒரு கூட்டம் கிளம்பியது. ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைப் பின்பற்றியவர்கள். தங்களை 'நண்பர்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். ஊர் அவர்களுக்கு வைத்த பேர் குவேக்கர்கள். கடவுள் முன்னாடி எல்லாரும் சமம் என்பது அவர்கள் கட்சி. இதை எல்லா மதமும் வாயால் சொல்லும். இவர்கள் இலக்கணத்திலும் செய்து பார்த்தார்கள், அதுதான் வித்தியாசம். யார் முன்னாடியும் தொப்பியைக் கழற்ற மாட்டோம், யாராக இருந்தாலும் ஒரு ஆள் என்றால் 'தௌ'தான். நீதிபதிக்கும் 'தௌ', பிரபுவுக்கும் 'தௌ'.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். நமக்குப் புரியும். கலெக்டர் ஆபீஸுக்குள் போய் கலெக்டரைப் பார்த்து 'ஏம்ப்பா, நீ என்ன சொல்ற?' என்று ஆரம்பித்தால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. தெருவில் அடித்தார்கள். கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். அவமரியாதை என்று உள்ளே தள்ளினார்கள்.

வீட்டுக்குள் நடந்தது இன்னும் மோசம். தாமஸ் எல்வுட் என்று ஒரு இருபது வயசுப் பையன். அப்பா ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் மாஜிஸ்திரேட். 1659-60 வாக்கில் பையன் குவேக்கர் ஆகிவிட்டான். வீட்டில் தொப்பியைக் கழற்ற மறுத்தான், அப்பாவை 'தௌ' என்றான். அப்பா முஷ்டியால் குத்தினார், தொப்பிகளைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை அந்த வார்த்தை காதில் விழுந்தால் பல்லைப் பேத்துடுவேன் என்கிற ரீதியில் மிரட்டினார். இதெல்லாம் எல்வுட்டே எழுதிவைத்த சுயசரிதையில் இருக்கு. அந்தப் பையன்தான் பிறகு 1662-ல் லண்டனுக்கு வந்து, கண் தெரியாத கவிஞர் மில்டனுக்கு லத்தீன் புத்தகங்களை வாசித்துக் காட்டியவர். அந்த அப்பாவைக் கொடுமைக்காரர் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் உங்கள் பையன் வந்து, கொள்கை காரணமாக இனிமேல் உங்களை 'டேய்' போட்டுக் கூப்பிடப் போவதாக அறிவித்தால், நாம எத்தனை பேர் சிரித்துவிட்டு விடுவோம்?

பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னும் குவேக்கர்தான். அவர் அப்பா கடற்படை அட்மிரல். அரசர், அரசரின் தம்பி, நான், இந்த மூணு பேரைத் தவிர வேறு யாரை வேண்டுமானாலும் 'தௌ' போட்டுக்கொள் என்று பேரம் பேசிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. பையன் மசியவில்லை. 1670-ல் கிரேஸ்சர்ச் தெருவில் பிரசங்கம் செய்ததுக்காக பென்னையும் வில்லியம் மீடையும் ஓல்ட் பெய்லி கோர்ட்டில் நிறுத்தினார்கள். தொப்பியோடு நின்றதுக்கே தனியாக அபராதம். குற்றவாளி என்று தீர்ப்பு சொல்ல மறுத்த ஜூரிகளை ராத்திரி பூராவும் சோறு தண்ணி இல்லாமல் அடைத்து வைத்தார்கள், அப்பவும் அவர்கள் மாறவில்லை. நீதிபதி மிரட்டியதுக்காக ஜூரி தீர்ப்பை மாற்ற வேண்டியதில்லை என்ற சட்டம் அந்த வழக்கிலிருந்துதான் நிலைத்தது.

இலக்கணத்தையே ஆயுதமாக்கிய புத்தகம்

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான். குவேக்கர்கள் சமத்துவம் பேசியதோடு நிற்கவில்லை, 'உங்களுக்கெல்லாம் இலக்கணமே தெரியலை' என்று திருப்பி அடித்தார்கள். 1660-ல் ஜார்ஜ் ஃபாக்ஸும் ஜான் ஸ்டப்ஸ், பெஞ்சமின் ஃபர்லி என்ற இரண்டு மொழி வல்லுநர்களும் சேர்ந்து லண்டனில் ஒரு புத்தகம் போட்டார்கள். தலைப்பின் சாரம்: ஆசிரியர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் ஒருமை பன்மை கற்றுக்கொடுக்கும் அரிச்சுவடி. அந்தக் காலத்துக் குழந்தைகள் எழுத்துப் படிக்கக் கைப்பிடி வைத்த ஒரு சின்னப் பலகை இருந்தது. அந்தப் பலகை வடிவத்தையே பக்கங்களில் அச்சடித்து, அதுக்குள் பாடம் வைத்தார்கள். படித்த மேதைகளுக்கு எல்.கே.ஜி. பாடம் என்று குத்திக்காட்டுவதுதான் நோக்கம்.

உள்ளே 30-க்கும் மேற்பட்ட மொழிகளிலிருந்து உதாரணம். லத்தீனில் பார், ஹீப்ருவில் பார், ஒரு ஆளுக்கு ஒருமை, பல ஆளுக்குப் பன்மை. ஒரே ஆளைப் பார்த்துப் பன்மையில் பேசுகிறவன்தான் படிக்காத முட்டாள் என்பது வாதம். இந்தப் பழக்கம் ரோமச் சக்கரவர்த்திகளும் போப்பும் கர்வத்தில் கிளப்பிவிட்டது என்றும் ஃபாக்ஸ் எழுதினார்.

இதைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வந்தது தொல்காப்பியம். நமக்குக் கிடைத்ததிலேயே பழைய இலக்கண நூல். அதன் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்தில், இதே பிரச்சினை வருது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உயர்வு கருதி வருவது, ஆனால் இலக்கண முறைப்படி பார்த்தால் அது சரியான வழி அல்ல. சாரம் இவ்வளவுதான். ஃபாக்ஸ் சொன்னதின் முதல் பாதியைத் தொல்காப்பியர் எப்பவோ சொல்லிவிட்டார். வித்தியாசம் என்னன்னா, தொல்காப்பியர் யாரையும் முட்டாள் என்று சொல்லவில்லை. 'ஊரில் இப்படிப் பேசறாங்க, கணக்கு இடிக்குது, தெரிஞ்சு வெச்சுக்க' என்கிற தொனி. 13-ம் நூற்றாண்டு நன்னூல் இன்னும் தாராளம். மகிழ்ச்சி, உயர்வு, கோபம் மாதிரி காரணங்களால் பால், திணை மாறி வந்தாலும் அது இயல்புதான் என்று விட்டுவிடுகிறது.

நம்ம பக்கத்தில் நடந்ததும் அதே கதைதான். சங்க இலக்கியத்தில் 'நீ' ஒருமை, 'நீர், நீயிர்' பன்மை. நீர் மெல்ல மரியாதை ஒருமையானது. பன்மைக்கு வேறு சொல் வேணுமே, அதனால் 'கள்' ஒட்டி நீங்கள். கொஞ்ச நாளில் அந்த நீங்களும் ஒரே ஆளுக்கு வந்துவிட்டது. இப்போ நிஜமாகவே பல பேர் என்றால் 'நீங்க எல்லாரும்' என்கிறோம். பாவம் 'நீர்' நடுவில் மாட்டிக்கொண்டது. நெல்லைப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும்தான் உயிரோடு இருக்கு. ஈஸ்ட் ஹாமில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் முதல் நாள் என்னைப் பார்த்து 'நீர் என்ன படிக்கிறீர்?' என்றபோது, வரலாற்று நாடகத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது. அவருக்கு அது சாதாரணம்: நீ என்று இறக்கவும் இல்லை, நீங்கள் என்று தள்ளி நிறுத்தவும் இல்லை.

'நீ' எப்படித் தோற்றது

குவேக்கர்கள் தோற்றார்கள். 17-ம் நூற்றாண்டு முடியும்போது லண்டன் பேச்சில் 'தௌ' கிட்டத்தட்டக் காணாமல் போனது. வடக்கே யார்க்ஷயர் பக்கம் கிராமத்துப் பேச்சில் நீடித்தது. ஏன் தோற்றது என்பதுக்குப் பல காரணம் சொல்கிறார்கள். எனக்கு நியாயமாகப் படுவது இது. 1600-ல் லண்டன் சுமார் 2 லட்சம் பேர் இருந்த ஊர், 1700-ல் 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கிராமத்தில் எதிரே வருபவன் யார், அவன் தாத்தா யார் என்பது வரை தெரியும். நகரத்தில் தெரியாது. நல்ல கோட்டு போட்டவன் கடைக்காரனா பிரபுவா? தப்பாக 'தௌ' போட்டால் சண்டை. 'யூ' போட்டால் நஷ்டமே இல்லை. நாம சென்னையில் தெரியாத ஆட்டோக்காரரை 'அண்ணே, வருவீங்களா?' என்பதும் அந்தக் கணக்குதான்.

இன்னொரு வேடிக்கை, குவேக்கர்கள் தங்களுக்குள் பழைய பேச்சைக் காப்பாற்றினார்கள், ஆனால் காலப்போக்கில் 'தௌ' போய் எல்லா இடத்திலும் 'தீ' வந்துவிட்டது. முக்கியமாக அமெரிக்காவில். அதாவது 'நீ வருகிறாய்' என்பதுக்குப் பதில் 'உன்னை வருகிறாய்'. இலக்கணம் சொல்லி அடிவாங்கினவர்களின் பேரப்பிள்ளைகளே இலக்கணத்தைக் கோட்டை விட்டார்கள்! :-)

'யூ' ஜெயித்த பிறகும் குழப்பம் தீரவில்லை. ஒரே ஆள்தானே என்று 18-ம் நூற்றாண்டில் படித்தவர்களே 'யூ வாஸ்' என்று எழுதினார்கள். அதைத் தப்பு என்று கண்டித்தவர் ராபர்ட் லௌத், பின்னாளில் லண்டன் பிஷப் ஆனவர். அவர் இலக்கணப் புத்தகம் 1762-ல் வந்தது. அதனால் இன்றைக்கும் ஒரே ஆளைப் பார்த்து 'யூ வேர்' என்கிறோம். நாம் 'நீங்கள் இருந்தீர்கள்' என்பது மாதிரியே.

ஒரு சின்ன இடைச்செருகல். கடவுளை 'தௌ' என்று ஆங்கில பைபிளில் பார்த்துவிட்டு அது 'தேவரீர்' அளவுக்கு மரியாதைச் சொல் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கும் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மையில் 1611 பைபிளில் ஒருமை எல்லாமே 'தௌ'தான். கடவுளுக்கும் அதே, சாத்தானுக்கும் அதே. பேச்சில் செத்துப்போய் கோயிலில் மட்டும் மிஞ்சியதால் அதுக்குப் பின்னாளில் ஒரு புனித வாசம் வந்துவிட்டது. தமிழ் பைபிள்தான் கடவுளை 'நீர், உம்முடைய' என்று பன்மைப் பக்கம் ஏற்றியது.

'ஹி'க்குள் 'ஷி' அடங்குமா?

சண்டை இத்தோடு முடியவில்லை, படர்க்கைக்கு மாறியது. 'யாரோ ஒருத்தர் தங்கள் குடையை விட்டுட்டுப் போயிட்டாங்க' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஆணா பெண்ணா தெரியாது. 14-ம் நூற்றாண்டிலிருந்தே மக்கள் இதுக்கு 'தே' என்ற பன்மையைப் பயன்படுத்தினார்கள். இந்தச் சொல்லே வைக்கிங்குகள் கொண்டுவந்த இரவல் சரக்கு. சாசர் காலத்து லண்டனில் 'தே' நுழைந்துவிட்டது, ஆனால் அதன் மற்ற வடிவங்கள் இன்னும் வந்து சேரவில்லை. அப்பவே அது ஒருமைக்கும் வந்தாச்சு.

18-ம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் இதைத் தப்பு என்றார்கள். பொதுவாகச் சொல்லும்போது 'ஹி' போடு, அதில் பெண்ணும் அடக்கம். நியூகாசிலைச் சேர்ந்த ஆன் ஃபிஷர் என்ற ஒரு பெண்மணியின் இலக்கணப் புத்தகத்திலேயே இந்த விதி இருக்கு. 1795-ல் வந்த லிண்ட்லி மர்ரேயின் இலக்கணமும் 'தே'யைத் திருத்தியது. அந்த மர்ரே யார் தெரியுமா? குவேக்கர்!

1850-ல் பார்லிமென்ட் இதைச் சட்டமாகவே ஆக்கியது. சட்டங்களில் ஆண்பால் சொல் வந்தால் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம். நல்லதுதானே? 1867-ல் ஓட்டுரிமைச் சட்டம் வந்தபோது 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நபர்' என்று போடச் சொன்னார் ஜான் ஸ்டுவர்ட் மில். 73-க்கு 196 என்று தோற்றார். சரி, 1850 சட்டப்படி ஆண் என்றால் பெண்ணும்தானே என்று மான்செஸ்டரில் 5000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டுக் கேட்டார்கள். 1868-ல் வெஸ்ட்மின்ஸ்டரில் வழக்கு நடந்தது. பெண்கள் தரப்பு வக்கீல்களில் ஒருவர் ரிச்சர்ட் பாங்க்ஹர்ஸ்ட், பிற்பாடு எம்மலின் பாங்க்ஹர்ஸ்டின் கணவர். கோர்ட் மறுத்துவிட்டது. வரி கட்டவும் தண்டனை வாங்கவும் 'ஹி'க்குள் 'ஷி' உண்டு, ஓட்டுப் போட மட்டும் கிடையாது.

1913-ல் க்வினெத் பெப் என்ற பெண் சொலிசிட்டர் தேர்வு எழுத அனுமதி கேட்டார். சட்டத்தில் இருந்த சொல் 'நபர்'. அந்தச் சட்டத்துக்குப் பெண் நபர் இல்லை என்றது லண்டன் கோர்ட். 1916-ல் கல்கத்தாவில் சட்டம் படித்து முடித்த ரெஜினா குஹா வக்கீலாகப் பதிவு செய்யக் கேட்டபோது ஹைகோர்ட்டும் பெண்களுக்கு இடமில்லை என்றது. கடைசியில் இங்கே 1919-லும் இந்தியாவில் 1923-லும் தனிச் சட்டம் போட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். 'பொதுவாகச் சொன்னா எல்லாரும் அடக்கம்தாங்க' என்று யாராவது சொன்னால், 'எதுக்கு அடக்கம்?' என்று திருப்பிக் கேட்கணும் என்று எனக்கு இதிலிருந்துதான் புரிந்தது.

2007 முதல் பிரிட்டிஷ் அரசு தன் சட்ட வரைவுகளில் 'ஹி'யைப் பொதுச்சொல்லாக எழுதுவதை விட்டது. 2019-ல் அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி 'தே'யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. 'ஒரு ஆளைப் பன்மையில் சொல்வதா? இலக்கணம் என்ன ஆவது?' என்று இப்பவும் பொங்குகிறார்கள். 1660-ல் ஜார்ஜ் ஃபாக்ஸ் பொங்கிய அதே பொங்கல். ஆனால் அப்படிப் பொங்குகிறவர்கள் எல்லாரும் ஒரே ஆளை 'யூ' என்றுதான் கூப்பிடுகிறார்கள்! தமிழ்க்காரங்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்கக் கூடாது. நம்ம 'அவர்' ஆதியில் பன்மை. இன்றைக்கு எழுத்தில் ஆண், பெண் யாருக்கும் பொருந்தும் மரியாதை ஒருமை. 'தே' இப்போ போய்ச் சேரும் இடத்தில் 'அவர்' பல நூற்றாண்டாக உட்கார்ந்திருக்கு.

அப்போ நாம ஒசத்தியா?

அங்கேதான் இடிக்குது. நம்மிடம் 'அவர்' இருக்கு, 'நீங்கள்' இருக்கு. ஆனால் யாருக்கு? நரைத்த தலையோடு நிற்கும் தலித் பெரியவரை, பத்து வயசு ஊர்ப் பையன் 'நீ, வா, போ' என்பதும், அவர் திருப்பி 'சொல்லுங்க சின்னய்யா' என்பதும் நம்ம கிராமங்களில் நடந்தது, இன்னமும் சில இடங்களில் நடக்குது. துப்புரவுத் தொழிலாளிக்கு 'நீங்க' வருவதில்லை. சொல் வளம் இருப்பது பெருமை இல்லை, அதை யாருக்கு மறுக்கிறோம் என்பதில்தான் விஷயம்.

சமமாக்க இரண்டு வழி இருக்கு. எல்லாரையும் 'நீ' என்பது ஒரு வழி. குவேக்கர்கள் அதை முயன்றார்கள். 1793-ல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களும் முயன்றார்கள். இரண்டும் நிலைக்கவில்லை. 1960-களின் கடைசியில் ஸ்வீடனில் மட்டும் அது நிஜமாகவே பரவியது. எல்லாரையும் 'நீங்கள்' என்பது இன்னொரு வழி. இங்கிலாந்து யாரும் திட்டம் போடாமலே அங்கே போய்ச் சேர்ந்தது. நம்மூரில் பெரியார் சின்னப் பிள்ளைகளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார் என்று பழகியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இந்த வழிதான் தமிழுக்குச் சரி என்று படுது. கலெக்டரை 'நீ' என்று இறக்கினால் ஒருத்தருக்குத்தான் வலிக்கும், வேறு எதுவும் மாறாது. குப்பை அள்ளுகிறவரை 'நீங்க' என்று ஏற்ற ஆரம்பித்தால், அதைச் சொல்கிற நம்ம நாக்குதான் முதலில் மாறணும்.

'யூ' வந்ததால் இங்கே ஏற்றத்தாழ்வு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அது உச்சரிப்பிலும் ஸ்கூல் பேரிலும் போய் ஒளிந்துகொண்டது. ஆனாலும், என் டிபார்ட்மென்டில் காலையில் தரை துடைக்கும் அம்மாவுக்கும் பேராசிரியருக்கும் நான் போட வேண்டிய சொல் ஒன்றுதான். தினமும் அதில் ஒரு நிம்மதி இருக்கு.

பி.கு.: ஃபாக்ஸ் 1691-ல் இறந்தார். லண்டனில் இருப்பவர்கள் ஓல்ட் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால், பன்ஹில் பக்கம் குவேக்கர் கார்டன்ஸ் என்ற சின்னப் பூங்காவில் அவர் நினைவுக் கல்லைப் பார்க்கலாம். உங்க வீட்டில் யார் யாரை 'நீ' என்கிறார்கள், யார் யாரை 'நீங்க' என்கிறார்கள்? அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்றால், ஏன் என்றும் சேர்த்துச் சொல்லுங்க.